போட்டேனா, போடலையா?



இந்த நவம்பர் இதழின் வேலைகளை ஓரளவு முடித்துவிட்டு, 3 நாள் மஞ்சக்குட்டைக்குப் போய் வந்தேன். என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் அது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். சேர்வராயன் மலையில் காப்பி பழுக்கத் தொடங்கியிருக்கிறது. சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடிகளுக்கு நடுவே, ஒரே கிளையில் பச்சையும் சிவப்புமாகக் காய்த்துக் கிடக்கிறது.

தங்கைக்கு 14 வயதிலிருந்து வலிப்பு நோய். இப்போது 36 ஆகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டு வருவதால் பெரிய வலிப்பு வந்து 2 வருஷத்துக்கு மேலாகிறது. பார்க்கிறவர்களுக்கு அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். “இப்பத்தான் ஃபிட்ஸ் வர்றதில்லையே, அப்புறம் என்ன?” என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நானும் அப்படிக் கேட்டவள்தான். அந்த ‘அப்புறம் என்ன’வுக்கு இந்த முறைதான் எனக்கு முழுப் பதில் கிடைத்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தப் பக்கம்.

முதல் நாள் காலை. அடுப்பில் பால் பொங்கி அடங்கியிருந்தது. தங்கை ஒரு டம்ளர் தண்ணீரோடு சுவர்க் காலண்டர் முன்னால் போய் நின்றாள். தினமும் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். நம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். அதன் கீழே ஆணியில் ஒரு சின்னத் துணிப்பை தொங்கியது. பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டு, தண்ணீர் குடித்து, அதன் பிறகுதான் நேற்றைய தாளைக் கிழித்தாள். இரவு அதே இடத்தில் இரண்டாவது மாத்திரை. அதைப் போட்டதும் அன்றைய தாளின் கீழ் முனையை உள்ளே மடித்து விட்டாள். தாள் கிழிந்திருந்தால் காலை மாத்திரை போட்டாயிற்று. முனை மடிந்திருந்தால் இரவு மாத்திரையும் போட்டாயிற்று. அந்த வீட்டில் காலண்டர் தாளைக் கிழிக்கும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். தாள் கிழிக்க ஆசைப்படாத குழந்தை உண்டா? ஆனாலும் அவள் பிள்ளைகள் இரண்டும் அதில் கை வைப்பதில்லை.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் அவள் நாள் எப்படித் தொடங்கும் என்று சொன்னாள். “போட்டேனா, போடலையான்னு அட்டையக் கையில வெச்சுக்கிட்டு நிப்பேன்க்கா. தண்ணி குடிச்சது ஞாபகம் இருக்கும். அது இன்னிக்கா நேத்தான்னு தெரியாது.” ஒரு நாள் சந்தேகத்தில் இரண்டாம் முறை போட்டுவிட்டு, பகலெல்லாம் தலை சுற்றிப் படுத்திருக்கிறாள். இன்னொரு நாள், போட்டுவிட்டதாக நினைத்து விட்டுவிட்டாள். மறுநாள் அடுப்படியிலேயே வலிப்பு வந்தது. நல்ல வேளை, அப்போது அடுப்பு எரியவில்லை. காலண்டர் யோசனை அவள் மாமியார் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அந்த அத்தை. “எழுதி வெச்சா எனக்குத் தெரியாது கண்ணு. தாளு மடிஞ்சிருந்தா எனக்கே தெரியுமில்ல?” என்றார். மருமகளின் ஞாபகத்தைத் தன் கண்ணுக்கும் தெரியும்படி சுவரில் மாட்டிவிட்டார்.

வலிப்பு நோயோடு வாழ்கிறவர்களுக்கு ஞாபகம் ஏன் இப்படித் தடுமாறுகிறது? இதற்குப் பல காரணங்கள் உண்டு. பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்தே வரும். காதுக்கு உள்பக்கமாக மூளையின் பக்க மடலில், கடற்குதிரை வடிவில் ‘ஹிப்போகேம்பஸ்’ என்ற சிறு பகுதி இருக்கிறது. இன்று நடந்ததை நாளைக்கு எடுத்து வைக்கிற வேலை அதனுடையது. பெரியவர்களுக்கு வரும் வலிப்பில் கணிசமானது இந்தப் பக்க மடலில்தான் தொடங்குகிறது. எடுத்து வைக்கிற இடத்திலேயே மின் அதிர்ச்சி நடந்தால், வைத்தது நிலைப்பது எப்படி? வெளியே வலிப்பாகத் தெரியாத நேரத்திலும் மூளைக்குள் சின்னச் சின்ன மின் பொறிகள் ஓடுவதுண்டு. அவையும் கவனத்தைக் குலைக்கும். இரவுத் தூக்கம் கெட்டால் பகலில் கற்றது படியாது. சில மாத்திரைகள் மந்தத்தைத் தரும். சில, நாக்கு நுனியில் இருக்கும் சொல்லை வெளியே வரவிடாது. ‘எப்போது வருமோ’ என்ற பயமும் மனச்சோர்வும் மீதிக் கவனத்தைத் தின்றுவிடும். ஆக, மறதி அவர்களின் அலட்சியமல்ல. நோயின் ஒரு பாகம்.

ஞாபகத்தைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பங்கு வலிப்பு நோயாளிகள் தந்தது என்பது உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்று ஓர் இளைஞர். கட்டுக்கடங்காத வலிப்பு. 1953-ல், அவருக்கு 27 வயதானபோது, வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவர் மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சற்று முன் பேசியவர் வெளியே போய்த் திரும்பி வந்தால், அவருக்குப் புது மனிதர்.

கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியல் ஆய்வாளர் அவரைப் பார்க்க வந்தார். ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, அதன் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டச் சொன்னார். கையை நேரே பார்க்கக் கூடாது. கண்ணாடியில் தெரிவதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். வீட்டில் முயன்று பாருங்கள், நமக்கே கை தாறுமாறாகப் போகும். மோலைசனுக்கும் முதலில் அப்படித்தான் போனது. 3 நாள் பழகிய பிறகு சீராக வரைந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தப் படத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதாக அவர் நினைத்தார். அவருக்கு நினைவில்லை, அவர் கைக்கு நினைவிருந்தது. நடந்ததை வைத்துக்கொள்ளும் ஞாபகம் ஒன்று, பழகியதை வைத்துக்கொள்ளும் ஞாபகம் வேறொன்று என்று உலகத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. மோலைசன் 2008-ல், 82 வயதில் காலமானார். அதுவரை அவர் பெயரைக் காக்க, ஆய்வு நூல்களில் எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறிப்பிட்டார்கள்.

இதைப் படித்து அறுவை சிகிச்சை என்றாலே யாரும் பயந்துவிட வேண்டாம். அவருக்கு நேர்ந்ததிலிருந்து மருத்துவ உலகம் பாடம் கற்றது. இன்று வலிப்பு எங்கே தொடங்குகிறது, ஞாபகம் எந்தப் பக்கம் வலுவாக இருக்கிறது என்றெல்லாம் சோதித்த பிறகே முடிவெடுக்கிறார்கள். இந்தத் துறையில் நம் பக்கத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. மில்னர் பணியாற்றிய அதே மாண்ட்ரியல் நரம்பியல் நிலையத்தில், அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். வலிப்புக்கான அறுவை சிகிச்சையை 1952-லேயே அங்கே செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்திலும் பல ஆண்டுகளாக இது நடந்து வருகிறது. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்கள், தங்களுக்கு இது பொருந்துமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மஞ்சக்குட்டையில் தங்கையோடு தோட்டத்தில் நின்றபோது மோலைசனின் கை நினைவுக்கு வந்தது. பேசிக்கொண்டே பறிக்கிறாள். பேச்சில் ஒரு பெயர் வரவில்லை, “அவங்கதான்க்கா, அந்த... மேட்டு வீட்டு...” என்று தவிக்கிறாள். விரல்களோ ஒரு பச்சைக் காயைக்கூடத் தொடாமல் சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்துக் கூடையில் போடுகின்றன. அவள் ஞாபகம் மோலைசனுடையதைப் போலப் போய்விடவில்லை. அங்கங்கே ஓட்டை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஓட்டையை ‘நல்லா யோசிச்சுப் பாரு’ என்று அதட்டி அடைக்க முடியாது. பழக்கம் நன்றாக இருக்கிறது. அதன் மேல் பாரத்தை ஏற்றுவதுதான் வழி.

தங்கை அதைத்தான் செய்திருக்கிறாள். சாவிக்கு ஓர் ஆணி, கைப்பேசிக்கு ஒரு மாடம், ரேஷன் அட்டைக்கும் மருத்துவச் சீட்டுக்கும் ஒரே டப்பா. பொருள் இடம் மாறாத வரை, தேட வேண்டியதில்லை. அடுப்பில் ஏதாவது வைத்தால் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடக்கிறாள். கையில் கரண்டி இருந்தால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று பொருள். கிழித்த காலண்டர் தாளை எறிவதில்லை. அதன் பின்பக்கம் அன்று செய்ய வேண்டியதை 3 வரிக்கு மிகாமல் எழுதி, ஒரு கிளிப்பில் செருகி வைக்கிறாள். ‘பால்காரருக்குக் காசு. சின்னவனுக்கு நோட்டு. டாக்டர்கிட்ட: காலைல நாக்கு எரியுது.’ மருத்துவமனைக்குப் போகும்போது அந்தக் கட்டு பையோடு போகிறது. எந்த நாளில் என்ன செய்தது, எத்தனை நிமிஷம், முந்தின இரவு தூங்கினாளா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மருத்துவர் முன் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை.

இனி அசதிக்கு வருகிறேன். மறதியையாவது ஓரளவு வெளியே சொல்கிறார்கள். அசதியைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். “தூங்கி எந்திரிச்சாலும் ராத்திரியெல்லாம் மூட்டை தூக்கின மாதிரி இருக்குக்கா” என்றாள். ஒரு பெரிய வலிப்பு முடிந்ததும் மூளையும் தசைகளும் களைத்துப்போகும். சிலருக்கு அது சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாள். தூக்கத்தில் வலிப்பு வந்து யாருக்கும் தெரியாமலே போவதும் உண்டு. காலையில் நாக்கில் கடித்த புண், நனைந்த படுக்கை, காரணமில்லாத உடம்பு வலியும் தலைவலியும் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையே தூக்கக் கலக்கம் தரலாம். சில மாத்திரைகள் ரத்தத்தில் உப்பின் அளவைக் குறைத்து அசத்தும். ரத்தசோகை, தைராய்டு போன்றவையும் சேர்ந்திருக்கலாம். இவற்றில் பலவற்றை ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ‘வலிப்புக்காரங்களுக்கு அசதி இருக்கத்தான் செய்யும்’ என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். மந்தமாக இருக்கிறதே என்று மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ‘மாத்திரை போட்டால் அசத்துகிறது, மறக்கிறது’ என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேளையை மாற்றலாம், அளவை மாற்றலாம், வேறு மருந்துக்கு மெல்ல மெல்ல மாறலாம். ஒரு வேளை தவறினால் என்ன செய்வது என்றும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் போகிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. சேலம் அரசு மருத்துவமனைக்குப் போக விடிகாலையில் மாத்திரை போட்டு பஸ் ஏறுகிறார்கள். நாலாவது வளைவில் வாந்தி. மாத்திரை உள்ளே இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா? தங்கைக்கு இது நடந்திருக்கிறது. மருத்துவரிடம் கேட்டு, பஸ் நேரத்துக்கு வெகு முன்னதாகவே எழுந்து போடும் வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அசதியைச் சமாளிக்க அவள் கண்டுகொண்ட வழி எளிமையானது. உடம்பில் தெம்பு இருப்பது காலை 11 மணி வரைதான் என்று அவளுக்குத் தெரியும். கணக்கு, கடை, தோட்டம் என்று கவனம் தேவைப்படும் வேலையெல்லாம் அதற்குள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் படுக்கிறாள். அசந்து விழுந்த பிறகு படுப்பதில்லை, அசருமுன் படுக்கிறாள். இரவு 9 மணிக்கு விளக்கணைப்பு. கண் விழித்தால் வலிப்பு வரும் என்பதால் ஊர்த் திருவிழாவோ துக்க வீடோ, இரவு தங்குவதில்லை. பட்டினி விரதமும் இல்லை.

இந்த மதியத் தூக்கத்துக்கு அவள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. ‘பகல்ல படுக்கிற மருமக’ என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அத்தையும் முதலில் முகம் சுளித்தவர்தான். ஒரு முறை மருத்துவமனைக்கு அவரையே கூட்டிக்கொண்டு போனாள். “ஓய்வும் இந்தப் பொண்ணுக்கு மாத்திரை மாதிரிதாம்மா” என்று மருத்துவர் அவரிடம் நேரில் சொன்னார். அதன் பிறகு மதியத்தில் கதவைச் சாத்தி, பிள்ளைகளை வெளியே விரட்டுவது அத்தையின் வேலையாகிவிட்டது. நோயாளி நூறு முறை சொல்லி ஏறாதது, மருத்துவர் ஒரு முறை சொன்னால் ஏறும். அடுத்த முறை போகும்போது, உங்களைப் புரிந்துகொள்ளாதவர் யாரோ அவரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்றும் சொல்கிறது. நம் பக்கத்து மாநிலத்தில், பிலிகிரிரங்கன் மலையடிவாரத்து யளந்தூரில், டாக்டர் கே.எஸ். மணியும் குழுவினரும் பழைய, விலை குறைந்த மாத்திரைகளைக் கொண்டே கிராமத்து மக்களின் வலிப்பைக் கட்டுக்குள் கொண்டுவர முடியும் என்று காட்டினார்கள். 2001-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அந்த ஆய்வை வெளியிட்டது. மருந்து இருக்கிறது. அதை நாள் தவறாமல் போடுவதற்கு ஒரு வீடு கூட நிற்க வேண்டியிருக்கிறது.

வீடு கூட நிற்க, முதலில் நோயை மறைக்காமல் இருக்க வேண்டும். கால் கை வலிப்பு என்பதுதான் வாய்வழக்கில் காக்காய் வலிப்பாகிவிட்டது என்பார்கள். காக்கைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பைத்தியத்துக்கும் இதற்கும்கூடத் தொடர்பில்லை. ஆனால் 1999 வரை நம் இந்துத் திருமணச் சட்டத்தில் இவ்விரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சொற்களாக இருந்தன. அந்த ஆண்டு நாடாளுமன்றம் வலிப்பு என்ற சொல்லை நீக்கியது. சட்டத்திலிருந்து எடுத்தாயிற்று, பெண் பார்க்கும் கூடங்களிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், மாத்திரையையும் மறைத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. மறைத்துப் போடுகிற மாத்திரையைத்தான் மனம் முதலில் மறக்கும். ‘போட்டியாம்மா?’ என்று கேட்க அவளுக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கண்ணெதிரே யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் இரும்பும் சாவிக்கொத்தும் திணிக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணியைப் பாருங்கள், 5 நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்த பிறகு, “என்ன நடந்துச்சு தெரியுமா?” என்று குடையாமல் தூங்க விடுங்கள்.

அவர்கள் கேட்டதையே திரும்பக் கேட்டால் முதல் முறை போலவே பதில் சொல்லுங்கள். ‘இப்பத்தானே சொன்னேன்’ என்பது நம் வாயில் தானாக வரும் சொல்; அதை விழுங்கப் பழகுவோம். வகுப்பில் சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, பாடத்தைத் தவறவிடுகிற குழந்தையைப் பகல் கனவு காண்பதாக அடிக்குமுன், அது ஒரு வகை வலிப்பாக இருக்குமோ என்று ஆசிரியர்கள் ஒரு கணம் யோசிக்க வேண்டும். நவம்பர் 17 நம் நாட்டில் தேசிய வலிப்பு நோய் நாள். அன்று கூட்டங்கள் நடக்கும். கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள், தெரிந்த ஒருவரிடம் போய், “உனக்கு அசதியா இருக்கா? மதியம் கொஞ்ச நேரம் பிள்ளைகளை நான் பாத்துக்கட்டுமா?” என்று கேட்டாலே போதும்.

கிளம்பும் நாள் காலையில் தங்கை எனக்குக் காப்பித்தூளும் மிளகும் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கிளிப்பில் இருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மேலே இருந்தது முந்தைய நாளின் தாள். பின்பக்கம் வழக்கமான 3 வரி. பால், நோட்டு, கரண்ட் பில். அதற்குக் கீழே, வழக்கமில்லாத நாலாவது வரி: ‘அக்கா வந்திருக்கு. தோட்டத்துல ரெண்டு பேரும் பழம் பறிச்சோம். சிரிச்சோம்.’

“இதையெல்லாமா எழுதி வைப்பே?” என்று கேட்டேன்.

“இதைத்தான்க்கா மொதல்ல எழுதணும். பால் காசு மறந்தா அவரே வந்து கேப்பாரு” என்றாள்.

தாளை எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு வந்தேன். அது அங்கேதான் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்